கூப்பிட்ட பெயர் முகவரி ஆகாது

டிஸ்கி: இது பொட்டி தட்டுகிறவர்களுக்கான பதிவு. மெயின் ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் ஆர்க்சி, ஆர்க்வி என்று இரண்டு ஜீவன்கள் உட்கார்ந்திருக்குமே, அவற்றைப் பார்த்ததே இல்லை என்பவர்கள் நேராக அடுத்த பதிவுக்குப் போய்விடலாம். திட்ட வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும் :-)

ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. தான் எந்த டைரக்டரியில், எந்த ஃபைலாகக் குடியிருக்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. எல்கேஜி பிள்ளையிடம் "உன் வீடு எங்கேம்மா?" என்று கேட்கிற மாதிரி. இதற்கு இன்ஜினியரிங் காலேஜ் லேபுகளில் சீனியர் ஜூனியருக்கும், நோட்ஸ் நோட்ஸுக்கும் கைமாற்றி வந்திருக்கும் பதில் ஒன்றே ஒன்று: "ஆர்க்வி[0]-இல் இருக்கும், எடுத்துக்கோ." வைவாவில் கேட்டால் இதைச் சொல்லலாம். சரி என்று மார்க்கும் விழும்.

இந்தப் பதில் தப்பு. எப்போதாவது ஒருமுறை காலை வாரும் ரகத் தப்பு அல்ல. கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லாத ரகம்.

முதலில் இந்தக் கேள்வி எப்போது வருகிறது என்று பார்த்துவிடலாம். ப்ராஜெக்ட் செய்கிறவர் தன் புரோகிராமுக்குப் பக்கத்திலேயே ஒரு லோகோ படமும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலும் வைக்கிறார். கோடில் வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்துத் திறக்கிறார். எடிட்டருக்குள் ரன் பட்டனை அமுக்கினால் ஜோராக ஓடுகிறது. ஏனென்றால் எடிட்டர் ப்ராஜெக்ட் டைரக்டரியில் நின்றுகொண்டு அதை ஓட்டுகிறது. அதையே லினக்ஸில் கிரான் டேபிளில் போட்டால் படுத்துவிடுகிறது, ஏனென்றால் கிரான் நிற்பது அந்தப் பயனரின் ஹோம் டைரக்டரியில். புரோகிராம் எங்கே நிற்கிறது என்பது வேறு, எங்கே குடியிருக்கிறது என்பது வேறு. இந்த முதல் பாடம் அடிபட்டுத்தான் பலருக்குத் தெரிகிறது. அடிபட்டவர் அடுத்து "சரி, என் புரோகிராம் இருக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறார். உடனே நாலு பேர் ஓடிவந்து ஆர்க்வி[0] என்கிறார்கள்.

இந்த நாலு பேரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் சொல்வது ஒரு காலத்தில், ஒரு இடத்தில் உண்மையாக இருந்தது. அந்த இடம் டாஸ். 1984-இல் வந்த டாஸ் 3.0-இலிருந்து, ஒரு புரோகிராமை ஏற்றும்போது அதன் முழுப் பாதையையும் என்விரான்மென்ட் மாறிகளுக்குப் பின்னாலேயே டாஸ் எழுதி வைத்துவிடும். போர்லாண்டின் டர்போ சி அதை எடுத்து ஆர்க்வி[0]-இல் போட்டுக் கொடுத்தது. அதற்கு முந்தைய டாஸில் ஆர்க்வி[0] காலியாகத்தான் இருக்கும் என்று போர்லாண்டே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருந்தது. ஆக, நீலத்திரை டர்போ சி-யில் அச்சடித்துப் பார்த்த பிள்ளைக்கு சி டிரைவிலிருந்து தொடங்கும் முழுப் பாதையும் வந்தது. அதை ரெக்கார்டு நோட்டில் எழுதி வைத்தது. டாஸ் போனது, போர்லாண்ட் போனது. டாஸ்பாக்ஸுக்குள் உயிர்பிடித்து வைக்கப்பட்ட டர்போ சி-யும், அந்த ரெக்கார்டு நோட்டின் வரியும் மட்டும் போகவில்லை.

யூனிக்ஸ் குடும்பத்தில் கதையே வேறு. அங்கே ஒரு புரோகிராமைத் தொடங்க எக்செக்விஇ என்ற சிஸ்டம் கால். அதற்கு மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்: எந்த ஃபைலை ஓட்ட வேண்டும் என்ற பாதை, ஆர்க்வி பட்டியல், என்விரான்மென்ட் பட்டியல். முதலாவது கர்னலுக்கு. இரண்டாவது ஓடப்போகும் புரோகிராமுக்கு. கூப்பிடுகிறவர் முதலாவதில் ஒன்றும், இரண்டாவதின் முதல் இடத்தில் வேறொன்றும் எழுதினால் கர்னல் ஏன் என்று கேட்காது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலையே இல்லை. லாகின் செய்யும்போது ஷெல்லை எழுப்புகிறவர்கள் அதன் பெயருக்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு கழித்தல் குறி வைப்பார்கள், "நீ லாகின் ஷெல்" என்று ஷெல்லுக்குச் சொல்வதற்காக. ஆர்க்வி[0] "-பாஷ்" என்று காட்டும். அந்தப் பெயரில் டிஸ்க்கில் ஒரு ஃபைலும் கிடையாது.

தெருவில் யாரோ "டேய் மாப்ளே" என்று கூப்பிட்டதை வைத்து ரேஷன் கார்டில் முகவரி எழுதுவது எப்படியோ, அப்படித்தான் ஆர்க்வி[0]-ஐ வைத்துப் பாதை கண்டுபிடிப்பது.

சி மொழியின் தரநிலை இதில் நேர்மையாகவே இருக்கிறது. ஆர்க்சி சுழியத்தைவிடப் பெரியதாக இருந்தால், ஆர்க்வி[0] "புரோகிராமின் பெயரை"க் குறிக்கும். பெயர் கிடைக்காத சூழலில் அது காலி எழுத்துச்சரமாக இருக்கும். பாதை என்ற பேச்சே இல்லை. "பெரியதாக இருந்தால்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள்... அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை வருகிறது.

கூப்பிட்ட பெயருக்கு நியாயமான பயன் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிஸிபாக்ஸ் என்ற ஒரே ஃபைல் எல்எஸ், சிபி, எம்வி என்று பல வேஷம் கட்டும். தன்னை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று ஆர்க்வி[0]-ஐப் பார்த்து அந்த வேஷத்தைப் போடும். இது அந்தப் பெட்டியின் முறையான உபயோகம். ஆனால் அதே பிஸிபாக்ஸ் தன்னைத்தானே மறுபடி ஓட்ட வேண்டி வந்தால் ஆர்க்வி[0]-ஐ நம்புவதில்லை. வழக்கமான அமைப்பில் அது போவது கர்னல் வைத்திருக்கும் /ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ என்ற இணைப்புக்கு. பெயர் ஒரு இடத்திலிருந்து, முகவரி இன்னொரு இடத்திலிருந்து. எழுதியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

ஆர்க்வி[0] கட்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சளைக்க மாட்டார்கள். ஒரு அல்காரிதத்தை எடுத்து நீட்டுவார்கள். ஆர்க்வி[0] சாய்கோட்டில் தொடங்கினால் அதுவே பாதை. நடுவில் சாய்கோடு இருந்தால் இப்போதைய டைரக்டரியோடு ஒட்டு. சாய்கோடே இல்லையென்றால் பாத் மாறியில் உள்ள டைரக்டரிகளில் ஒவ்வொன்றாகத் தேடு. பார்க்க எவ்வளவு அழகு! ஷெல் என்ன செய்திருக்கும் என்று யூகித்து அதைத் திருப்பிச் செய்கிறார்களாம். கூப்பிட்டது ஷெல்தான் என்று யார் சொன்னது? தொடங்கியபின் புரோகிராம் டைரக்டரி மாறியிருந்தால்? கூப்பிட்டவர் பாத் மாறியை மாற்றிக் கொடுத்திருந்தால்? இந்த அல்காரிதம் கண்டுபிடிப்பது "இந்தப் பெயரில் இப்போது யாராவது இருக்கிறார்களா" என்பதை மட்டுமே. கிடைத்தவர் அதே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. கிடைக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, புரோகிராம் அழுதுவிட்டு நின்றுவிடும். வேறு ஆள் கிடைத்துவிட்டால்தான் வம்பு.

"என் கேன்டீன் பில்லிங் புரோகிராமை எவன் ஹேக் பண்ணப் போறான்?" என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். நியாயம்தான், கேன்டீன் பில்லிங்கை யாரும் செய்யமாட்டார்கள். ஆனால் பழக்கம் கேன்டீனோடு நிற்பதில்லை.

2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு ஓட்டைக்கு "ப்வன்கிட்" என்று பெயர். போல்கிட் என்ற தொகுப்பில் வரும் பிகேஎக்செக் என்ற கருவியில் இருந்தது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் என்று பெரிய லினக்ஸ்களிலெல்லாம் தானாகவே உட்கார்ந்திருக்கும் கருவி. ரூட் அதிகாரத்தோடு ஓடுவது. 2009 மே மாதத்து முதல் பதிப்பிலிருந்தே ஓட்டை இருந்தது, கிட்டத்தட்ட 13 வருஷம். செய்த பாவம் என்ன? ஆர்க்வி[0] எப்போதும் இருக்கும் என்று நம்பியது. அதனால் பட்டியலை 1-இலிருந்து படிக்கத் தொடங்கியது. கூப்பிடுகிறவர் பட்டியலையே காலியாகக் கொடுத்தால் ஆர்க்சி சுழியம். ஆர்க்வி[1] இருக்க வேண்டிய இடத்தில் நினைவகத்தில் அடுத்ததாக இருப்பது முதல் என்விரான்மென்ட் மாறி. பிகேஎக்செக் அதை ஓட்ட வேண்டிய புரோகிராமின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, சாய்கோடு இல்லையே என்று பாத் மாறியில் தேடி (மேலே சொன்ன அதே அழகான தேடல்தான்), கிடைத்த முழுப் பாதையை வந்த இடத்திலேயே திரும்ப எழுதியது. அதாவது என்விரான்மென்டுக்குள். அதிகாரம் கூடிய புரோகிராம்களுக்கு ஆகாது என்று லோடர் ஏற்கெனவே பிடுங்கி எறிந்திருந்த ஆபத்தான மாறி ஒன்றை இப்படி மறுபடி உள்ளே நுழைக்க முடிந்தது. அதன்பிறகு ரூட் கையில். கடவுச்சொல் எதுவும் வேண்டாம்.

காலி ஆர்க்வியோடு பிகேஎக்செக்கை ஓட்டினால் விபரீதமாக நடக்கிறதே என்று ஒருவர் 2013-லேயே எழுதியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஆர்க்வி[0] இல்லாமல் யார் ஓட்டப் போகிறார்கள்?" அவ்வளவுதான். ஓபன்பிஎஸ்டி கர்னல் காலி ஆர்க்வியை முன்பே ஏற்க மறுத்து வந்தது. லினக்ஸ் கர்னல் 2022-இல் 5.18 பதிப்பில்தான், காலியாக வந்தால் ஒரு வெற்று எழுத்துச்சரத்தையாவது நுழைத்துவைப்போம் என்று திருந்தியது.

ஆக யாரைக் கேட்பது? கர்னலைத்தான். ஃபைலை ஏற்றியது அது. லினக்ஸில் /ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ இணைப்பை ரீட்லிங்க் கொண்டு படிக்க வேண்டும். (ரீட்லிங்க் கடைசியில் சுழிய எழுத்தைப் போடாது, இடம் பத்தாவிட்டால் சத்தமில்லாமல் வெட்டிவிடும், இரண்டையும் சோதிக்காத கோடுதான் இணையம் முழுக்க.) விண்டோஸில் கெட்மாட்யூல்ஃபைல்நேம். அதுவும் எக்ஸ்பி காலத்தில் வெட்டிவிட்டுச் சுழியம் போடாமல் வந்தது, விஸ்டாவில்தான் ஒழுங்கானது. 260 எழுத்து போதும் என்று பஃபர் எடுப்பது அங்கே தனி வியாதி. மேக்கில் என்எஸ்கெட்எக்ஸிகியூட்டபிள்பாத் என்று ஒன்று. அது தருவது சிம்பாலிக் லிங்க்காகவும் இருக்கலாம், மேலே ரியல்பாத் போட வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் சிஸ்கன்ட்ரோல், சோலாரிஸில் கெட்எக்செக்நேம். ஊருக்கு ஒரு வழி.

இந்த "ஊருக்கு ஒரு வழி"தான் ஆர்க்வி[0]-ஐ இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது, அதற்கான பழி தரநிலைக் குழுக்கள் மேல். சி++17-இல் ஃபைல்சிஸ்டம் நூலகம் வந்தது. புரோகிராம் நிற்கிற டைரக்டரியைச் சொல்ல கரன்ட்பாத் உண்டு. குடியிருக்கிற இடத்தைச் சொல்ல ஒன்றும் இல்லை. சி++20, சி++23 இரண்டும் வந்தும் இல்லை. கோ மொழி 2017-இல் 1.8 பதிப்பிலேயே ஓஎஸ்.எக்ஸிகியூட்டபிள் என்று கொடுத்துவிட்டது. ரஸ்டில் கரன்ட்எக்ஸ்இ இருக்கிறது. பூஸ்ட்டில் 2016-இலிருந்து இருக்கிறது, க்யூட்டியில் எப்போதோ இருக்கிறது. எல்லா இயங்குதளத்திலும் ஒரே மாதிரி உறுதி கொடுக்க முடியாது என்பதுதான் தயங்குகிறவர்களின் வாதம். முடியாதுதான். முடியாத இடத்தில் "தெரியாது" என்று பிழை திருப்பட்டுமே! அந்த வசதி இல்லாததால் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தன் சொந்த யூகத்தை எழுதிக்கொள்கிறது. க்யூட்டி போன்ற நூலகமே, ப்ராக் கைவிட்டால் ஆர்க்வி[0]-இல் முழுப் பாதை இருக்கும் என்று வைத்துக்கொள்வதாகத் தன் ஆவணத்தில் ஒப்புக்கொள்கிறது.

ஓபன்பிஎஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஓடும் புரோகிராமின் பாதையைக் கேட்கக் கர்னலில் வழியே கிடையாது. பலர் இதைக் குறை என்று திட்டுகிறார்கள். பொய்யான பதில் தருவதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல். வேடிக்கை என்னவென்றால் கோ போன்ற மொழிகள் அங்கேயும் ஆர்க்வி[0]-ஐ வைத்து யூகித்துப் பதில் சொல்லிவிடுகின்றன :(

சரி, கர்னல் சொல்வதாவது வேதவாக்கா? அதுவும் இல்லை. ஆர்க்வி[0]-ஐ விட்டு வெளியே வந்தவர்கள் அடுத்து விழுகிற குழி இதுதான். யூனிக்ஸில் ஒரு ஃபைலுக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஹார்ட் லிங்க் போட்டால் பத்துப் பெயர் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயரை அழித்துவிட்டால் பெயரே இல்லாமலும் இருக்கலாம். டெமன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் அப்டேட் வந்து பழைய ஃபைலை மாற்றிவிடுகிறது. இப்போது ரீட்லிங்க் தருவது பழைய பாதை, பின்னால் ஒட்டிக்கொண்டு அடைப்புக்குறிக்குள் "டெலீட்டட்" என்ற சொல். அதை அப்படியே பாதை என்று எடுத்துத் திறக்கப் பார்க்கும் புரோகிராம்கள் உண்டு. மெம்ஃப்டி வழியாக நினைவகத்திலேயே உருவாக்கி ஓட்டிய புரோகிராமுக்கு டிஸ்க்கில் முகவரி பிறக்கவே இல்லை. ஆப்இமேஜாகக் கட்டிக் கொடுத்தால் பாதை தற்காலிகமாக மவுண்ட் செய்த டைரக்டரியைக் காட்டும். பயனர் டவுன்லோட் செய்த உண்மையான ஃபைலின் இடம் ஆப்இமேஜ் என்ற என்விரான்மென்ட் மாறியில் தனியாக வரும். பைதான் ஸ்கிரிப்டிலிருந்து கேட்டால் கர்னல் பைதானின் வீட்டைக் காட்டும். டாட்நெட்டில் ஒரே ஃபைலாகப் பொதிந்து வெளியிட்டால், .நெட் 5-இலிருந்து அசெம்ப்ளியின் லொக்கேஷன் வெற்று எழுத்துச்சரம். .நெட் 6-இல் (2021) ப்ராசஸ்பாத் என்று தனியாகக் கொடுத்தார்கள்.

2009-இல் பல்ஸ்ஆடியோவில் நடந்தது இந்தக் குழிக்கு நேர் உதாரணம். அது சில லினக்ஸ்களில் ரூட் அதிகாரத்தோடு தொடங்கும். தொடங்கியதும் ஒரு என்விரான்மென்ட் மாறியை அமைத்துவிட்டுத் தன்னையே மறுபடி ஓட்டிக்கொள்ளும். தன் இடம் எது? சமர்த்தாகக் கர்னலைத்தான் கேட்டது. /ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ காட்டும் பாதையை எழுத்தாகப் படித்து, அந்தப் பாதையில் இருப்பதை ஓட்டியது. தாக்குகிறவர் என்ன செய்தார்? தன் டைரக்டரியில் பல்ஸ்ஆடியோவுக்கு ஒரு ஹார்ட் லிங்க் போட்டு அந்தப் பெயரில் தொடங்கினார். கர்னலும் பொய் சொல்லாமல் அந்தப் பெயரையே சொன்னது. கேட்டதற்கும் ஓட்டியதற்கும் இடைப்பட்ட நொடியில் அந்தப் பெயரில் வேறு புரோகிராமை வைத்தால், அது ரூட்டாக ஓடியது. இணைப்பை அப்படியே ஓட்டாமல், படித்த எழுத்தை ஓட்டியதுதான் வினை.

இணைப்பை நேராகப் பிடிப்பதிலும் விபரீதம் உண்டு. 2019 பிப்ரவரியில் வெளிவந்த ரன்சி ஓட்டை, டாக்கர் கன்டெய்னர்களை ஓட்டும் அடிப்படைக் கருவியில் இருந்தது. கன்டெய்னருக்குள் இருக்கும் வில்லங்கமான புரோகிராம் இதே இணைப்பு வழியாக வெளியே ஹோஸ்ட்டில் உள்ள ரன்சி ஃபைலையே பிடித்து, அதன்மேல் எழுதிவிட முடிந்தது. அடுத்தமுறை அட்மின் கன்டெய்னரைத் தொட்டால் ஓடுவது தாக்குகிறவரின் கோடு, ஹோஸ்ட்டில், ரூட்டாக. திருத்தம் எப்படி வந்தது தெரியுமா? ரன்சி தன்னையே நினைவகத்தில் ஒரு பிரதி எடுத்து, எழுத முடியாதபடி முத்திரை வைத்து, அந்தப் பிரதியிலிருந்து ஓடத் தொடங்கியது. தன் வீட்டு முகவரியை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று வீட்டையே காலி செய்த கதை.

எனவே லோகோ படத்தைத் தேடவா? கர்னலைக் கேட்டு, கிடைத்த பாதையின் டைரக்டரியில் தேடலாம், தப்பில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு வரி எழுதிவிட வேண்டும், அவ்வளவே. டெபியன் மாதிரி பேக்கேஜாகப் போகும் புரோகிராம் என்றால் அதுவும் வேண்டாம். டேட்டா டைரக்டரி எது என்று கம்பைல் செய்யும்போதே சொல்லிவிடலாம். தன்னையே மறுபடி ஓட்டவோ, இந்தப் பாதையில் இருப்பது "நான்தான்" என்று நம்பி அதிகாரம் கொடுக்கவோ போகிற புரோகிராமுக்கு இந்தப் பாதை உதவாது. ரஸ்டின் ஆவணம் கரன்ட்எக்ஸ்இ பக்கத்திலேயே இந்த எச்சரிக்கையை ஹார்ட் லிங்க் உதாரணத்தோடு போட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஏன் போடக் கூடாது?

"முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இவ்வளவு எதற்கு, குழம்பிப் போவார்கள்" என்பது கடைசி வாதம். இவ்வளவும் வேண்டாம்தான். பொய்யைச் சொல்லாமல் இருந்தால் போதும். பாஷ் ஷெல்லில் எக்செக் கட்டளைக்கு மைனஸ் ஏ என்று ஒரு ஆப்ஷன் உண்டு. ஆர்க்வி[0]-இல் என்ன வர வேண்டும் என்று அதில் கொடுக்கலாம். ஆர்க்வி[0]-ஐ அச்சடிக்கும் மூன்று வரி சி புரோகிராமை எழுதி, அந்த ஆப்ஷனில் "கருப்பசாமி" என்று கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். திரையில் கருப்பசாமி என்று வரும். லேபில் இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும்.